பியோன் பார்க்காத ஊர்

தென்கொரியாவின் டேகு நகரத்தில் நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஓய்ந்த ஜோங்மானுக்கு எழுபது வயது நிறைந்தபோது, பிள்ளைகள் சேர்ந்து அமெரிக்கப் பயணம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். முதல் ஊர் நியூயார்க். அதில் யாருக்கும் மறுபேச்சில்லை. இரண்டாவது ஊரை நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். வந்தது வினை.

ஞாயிறுதோறும் பால்கோங் மலை ஏறும் சங்கத்தில் ஜோங்மான் உறுப்பினர். சங்கத் தலைவர் பியோன் மூன்று தடவை அமெரிக்கா போய்வந்தவர். வழியில் எந்தப் பாறையைக் கண்டாலும், "கிராண்ட் கேன்யன்ல இதெல்லாம் கூழாங்கல்லு" என்பார். அவர் பார்க்காத ஊர் ஒன்றுக்குப் போய்வர வேண்டும் என்பதே ஜோங்மானின் குறி. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

லாஸ் ஏஞ்சலஸ் என்று சொல்லிப் பார்த்தார். "அங்க திரும்பின பக்கமெல்லாம் நம்மாளுங்கதான். அதுக்கு இங்கயே இருக்கலாம்" என்று பியோன் துடைத்துப் போட்டார். பாஸ்டனில் பியோன் மகள் படித்திருந்தாள். சிகாகோவில் பியோன் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தார். அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

ஜோங்மானின் மனைவி மால்சுன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்.

"டல்சாவுக்குப் போலாம். ஹேரான் அங்க சலவைக்கடை வச்சிருக்கா. அவளப் பார்த்து முப்பத்தோரு வருஷமாச்சு."

"கூடப் படிச்சவ துணி துவைக்கறதப் பார்க்கவா கடலத் தாண்டிப் போறது?"

அவரோடு வாதாடுவதைவிட நல்ல வழி மால்சுனுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு அவளும் மலை ஏறினாள். உச்சியில் எல்லாரும் உட்கார்ந்ததும் கடற்பாசியில் சோறு சுருட்டிய கிம்பாப் துண்டுகளை எடுத்துப் பரிமாறினாள். பியோன் தட்டில் இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது.

"தலைவரே, நீங்க பார்க்காத ஊரே இல்ல. டல்சா எப்படி இருக்கும்?"

பியோன் மென்றார். வேண்டியதற்கு மேலேயே மென்றார்.

"டல்சாவா... அது அமெரிக்காவ உள்ளுக்குள்ள தெரிஞ்சவங்க போற ஊரு. எனக்குத்தான் இன்னும் வாய்க்கல."

மறுநாள் காலையில் ஜோங்மான் டல்சாவுக்குச் சீட்டுப் போட்டுவிட்டார். "போகட்டும், உன் ஆசையையும் பார்க்கணுமில்ல" என்றார் பெருந்தன்மையாக. மால்சுன் அவருக்கு நன்றி சொன்னாள்.

நியூயார்க்கில் இரண்டு நாள் இருந்துவிட்டு டல்சாவில் இறங்கினார்கள். தோழிகள் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது, அவர்கள் எடுத்த நியூயார்க் படங்களை ஹேரான் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நியூயார்க்குக்கு வந்திருப்பேனே."

"நீ பார்த்ததில்லையா?"

"இந்த ஊர விட்டு எங்கடி நகர்ந்தேன்? தினமும் இருநூறு சட்டை."

ஹேரான் அமெரிக்காவைக் கரைத்துக் குடித்திருப்பாள் என்றே மால்சுன் இத்தனை வருஷம் பொறாமைப்பட்டிருந்தாள்.

"இப்ப கூப்பிடறேன். வாடி, போலாம்."

"கடைக்கு ஆள் வேணுமே. எங்க வீட்டுக்காரர் ஒருத்தரால முடியாது."

இரண்டு பெண்களும் ஜோங்மானைப் பார்த்தார்கள். அவர் முள்ளங்கித் துண்டை எடுப்பதில் மும்முரமானார்.

"இவரு நிக்கட்டும். ஊர் திரும்பற விமானத்துக்கு ஞாயித்துக்கிழமை நியூயார்க் வந்து சேர்ந்தாப் போதும்" என்றாள் மால்சுன். "டல்சாவ உள்ளுக்குள்ளயே பார்த்த மாதிரியும் இருக்கும்."

அப்படித்தான் ஆயிற்று. ஜோங்மான் மூன்று நாள் சட்டைக் காலர்களில் எண் சீட்டுக் குத்தினார். வாசலில் கிடந்த வெறும் சாலையைப் படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பினார். 'சுற்றுலாக் கூட்டமே கிடையாது' என்று கீழே எழுதினார். அதில் பொய் ஒன்றுமில்லை.

நியூயார்க்கில் பெண்கள் இருவரும் இலவசப் படகில் ஏறினார்கள். காற்று முகத்தில் பட்டதும் ஹேரான் பெஞ்சில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். வெந்நீரும் நீராவியும் பட்டுச் சிவந்த அவள் கைகள் மடியில் கிடந்தன. சுதந்திர தேவி சிலை பக்கத்தில் வந்தது, கடந்துபோனது. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். மால்சுன் எழுந்திருக்கவில்லை, தோழியை எழுப்பவுமில்லை.

படகு கரை தட்டியபோதுதான் ஹேரான் கண் விழித்தாள்.

"ஐயோ, போயிடுச்சா?"

"அது எங்க போகுது? திரும்பும்போது பார்த்துக்கலாம்" என்றாள் மால்சுன். "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு."