‘முன்’ படம்

படம் பிடிப்பவரோடு காரிலிருந்து இறங்கிய கல்லூரி முதல்வருக்குத் தெருவைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஒரு காகிதத் துண்டுகூடக் கிடக்கவில்லை.

“என்ன சார் இது, பளபளன்னு இருக்கு? ‘முன்’ படத்துக்கு நான் எங்க போறது?” என்று என்மேல் பாய்ந்தார்.

சமூகத் தொண்டில் சிறந்த கல்வித் தலைவர் என்று ஒரு விருது இருக்கிறது. அதற்கு முதல்வர் அனுப்பும் விண்ணப்பத்தில், சுத்தம் செய்வதற்கு ‘முன்’ என்று ஒரு படம், ‘பின்’ என்று ஒரு படம் வைக்க வேண்டும். அதற்காகத்தான் கல்லூரி மதிலுக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெருவைத் தத்தெடுத்திருக்கிறோமாம். தத்து! எங்கள் விடுதிச் சாக்கடை வருஷம் முழுக்க இங்கேதான் வந்து தேங்குகிறது, அதைப் பற்றிப் பேசினால் மட்டும் மனுஷனுக்குக் காது கேட்காது. நான் தொண்டுப் பிரிவின் பொறுப்பாளன், தற்காலிக விரிவுரையாளன். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடக்கிறது.

தெரு பளபளத்ததற்குக் காரணம் என் அக்கா. அவள் வீடு இங்கேதான். “என் தம்பி காலேஜிலேர்ந்து பெரியவங்க வர்றாங்க, மானத்தை வாங்கிடாதீங்க” என்று வீடு வீடாகச் சொல்லி, விடிவதற்குள் தெருவையே பெருக்கிக் கழுவ வைத்துவிட்டாள்.

“நம்ம விடுதிச் சமையல்கட்டுக் குப்பை இருக்குமில்ல? ரெண்டு மூட்டை வரவழைங்க” என்றார் முதல்வர், வாய் கூசாமல். நானும் போனில் சொன்னேன். மூட்டைகள் வந்தன, தெருவில் கொட்டப்பட்டன. அழுகிய தக்காளி, முட்டை ஓடு, ஊசிப்போன மிச்சம். முதல்வர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அந்த வாசல்ல இன்னும் கொஞ்சம்” என்று கை காட்டினார். அது அக்காவின் வாசல்.

விருந்தினருக்காக நல்ல துணி மாற்றிக்கொண்டு வெளியே வந்த அக்கா அலறிவிட்டாள். “அய்யய்யோ! எந்தப் படுபாவி கொட்டினான்? ஐயா, மன்னிச்சுக்குங்க, இதோ ஒரு நிமிஷம்...” குனிந்து வெறுங்கையால் அள்ள ஆரம்பித்தாள்.

“அம்மா, எடுக்காதீங்க! இன்னும் படம் எடுக்கலை!” என்று கத்திய முதல்வர் என் பக்கம் திரும்பினார். “யார் சார் இந்தம்மா? நீங்க சொல்லுங்க.”

என் அக்கா என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சீ, என்ன பிழைப்பு இது! “அக்கா...” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மூட்டையில் அச்சடித்திருந்த கல்லூரியின் பெயரைப் பார்த்தாள். திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. கிட்டே வந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

“உன் வேலைக்கு இது வேணுமாடா?”

நான் தலையாட்டினேன்.

அக்கா திரும்பிப் போய், கையில் அள்ளியிருந்ததை எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாக வைத்தாள். முட்டை ஓடு ஒன்று படி ஓரமாக உருண்டது. அதை விரலால் முன்னால் நகர்த்திவிட்டு, படம் பிடிப்பவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இங்க இருந்தா படத்துல தெரியுமா தம்பி?”