நான்கு இருக்கை, இரண்டு ஆள்

மாமா ஒரு விமானம் வாங்கினார். பொம்மை இல்லை; ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை, வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு போட்ட நிஜ விமானம். வாங்குவது என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் போதுமானதாக இருந்தது. இருக்கை உறையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஏழு வாரம் ஆயிற்று.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. குளியலறை ஓடு விற்கிறார். சொந்த விமானம் ஓட்டுவதற்கான உரிமம் வைத்திருக்கிறார். அதைப் பெற அவருக்கு நான்கு வருடம் ஆயிற்று; மூன்று பயிற்றுநர்கள் தேவைப்பட்டார்கள். அதே உரிமத்தை நான் மாலை வகுப்பில் பாடம் படித்து, தேர்வு எழுதி, வாடகை விமானத்தில் ஓட்டிக் காட்டி வாங்கியிருந்தேன். வாங்கி எழுபது நாள் ஆகியிருந்தது. அந்த எழுபது நாளில் எந்த விமானத்தின் கதவையும் தொடவில்லை. உரிமம் என் மேசை இழுப்பறையில், நூலக அட்டைக்கு அடியில், மிகப் பாதுகாப்பாகப் பறந்துகொண்டிருந்தது.

“இந்த ஃபாரம், பேப்பர் எல்லாம் எனக்கு ஆகாது, கணக்கு,” என்றார் மாமா. என்னை ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுவார். “அதை நீ பாத்துக்க. பதிலுக்கு வீட்டுக்கு வர்ற வழியில பாதி தூரம் நீ ஓட்டு.”

பாதி தூரம் என்றால் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணிக்காக நான் மூன்று வாரம் வேலை செய்தேன். காப்பீட்டுக்காரர்கள் போட்ட நிபந்தனையின்படி முதல் பத்து மணி நேரம் ஒரு அனுபவசாலி வலது இருக்கையில் இருந்தாக வேண்டும். அதற்கு ஒரு கேப்டனை ஏற்பாடு செய்தேன். மாமாவின் மனைவி, என் அத்தைக்குப் பின் இருக்கை. நடுவழியில் ஒரு சிறிய விமானக் களம் கண்டுபிடித்தேன். அங்கே ஓடுபாதை உண்டு, கழிப்பறை உண்டு, பெட்ரோல் கிடையாது. அங்கே இறங்கி நானும் மாமாவும் இடம் மாறிக்கொள்வது என்று திட்டம். பெட்ரோல் கிடைக்காததால் புறப்படும்போதே தொட்டி நிரம்பியிருக்க வேண்டும்.

எடைக் கணக்கும் போட்டேன். வகுப்பில் அதைத்தான் மூன்று மாலை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். லாரியில் அதிகம் ஏற்றினால் மேட்டில் திணறும், இறங்கித் தள்ளலாம். விமானத்தில் அந்த வசதி இல்லை. இந்த விமானம் எல்லாம் சேர்த்து 1160 கிலோவோடு எழும்பலாம். விளம்பரப் புத்தகத்தின்படி காலி எடை 730. முழுத் தொட்டி பெட்ரோல் 144. ஆளுக்கும் பைக்கும் மிச்சம் 286. தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும் எடை கேட்டேன். மாமா 82, அத்தை 58, கேப்டன் 70, நான் 54, பைகள் 20. மொத்தம் 284. இரண்டு கிலோ இடம் இருக்கிறது என்று கேப்டனுக்குத் தாள் அனுப்பினேன். மாமா 82 கிலோ என்று சொன்னதை, அவரை இருபத்து மூன்று வருடமாகப் பார்த்துவரும் நான், மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டேன். அவ்வளவு முறையாக வேலை செய்கிறேன்.

விமானத்தை ஒப்படைக்கும் மையம் கண்ணாடியால் ஆனது. புதுக் கம்பள வாசம். நடுவில் விமானம், அதன் மூக்கில் ஒரு சிவப்பு ரிப்பன், பக்கத்தில் ஒரு ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவி. அசல் சாவி வீட்டு அலமாரிச் சாவி அளவுதான் இருந்தது. அதைக் கையில் வைத்துப் படம் எடுத்தால் யாருக்கும் தெரியாதாம். மாமா தோல் ஜாக்கெட் போட்டிருந்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால், முதலில் அட்டைச் சாவிக்குத்தான் கை கொடுக்கப் போனார்.

கேப்டன் ஒல்லியானவர். பேச்சை ரேஷனில் வாங்கி வருபவர் போல இருந்தார். ஒப்படைப்பு அதிகாரி, நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி, பதினான்கு ஆவணங்களை என் முன்னால் அடுக்கினார். மாமா அத்தைக்கு இருக்கைத் தையலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, கையால தச்சது.”

“நம்ம சோபாவும் கையாலதான் தச்சது. அது பறக்கலையே,” என்றார் அத்தை.

பதினோராவது ஆவணம் எடைச் சான்றிதழ். காலி எடை 800 என்று போட்டிருந்தது.

தப்பாகப் படித்திருப்பேன் என்று நினைத்தேன். தப்பாக இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மறுபடி படித்தேன். எண்ணூறுதான்.

“மேடம், புத்தகத்துல எழுநூத்தி முப்பதுன்னு இருக்கே,” என்று அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அது வெறும் விமானத்துக்கு. சார் கேட்ட வசதியெல்லாம் சேந்திருக்குல்ல. ஏசி முப்பத்திரண்டு கிலோ. தோல் சீட்டும் கம்பளமும் இருபத்தொண்ணு. மடக்கு மேசை, மரப் பலகை, ஸ்பீக்கர் எல்லாம் ஒரு பதினேழு.” அவர் முகம் மாறவே இல்லை. “எல்லாரும் கேக்கறதுதான்.”

எழுபது கிலோ. இரண்டு கிலோ மிச்சம் வைத்த என் கணக்கு இப்போது அறுபத்தெட்டு கிலோ கடனில் நின்றது.

குறிப்பேட்டை மூடினேன். இதைச் சொன்னால் முதலில் யாரை இறக்குவார்கள் என்பதைக் கண்டுபிடிக்க மாலை வகுப்பு தேவையில்லை. விமானம் மாமாவுடையது, அத்தை மாமாவுடையவர், கேப்டன் இல்லாமல் காப்பீடு இல்லை. சொல்லாவிட்டால் இன்று பிற்பகல் ஓட்டுபவருக்கான இடது இருக்கையில் நான். விமானம் கட்டுபவர்கள் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எண் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே ஆறுதல் சொன்னேன். வெளியே ஓடுபாதை எண்ணூறு மீட்டர். அதன் முடிவில் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் சாலை, சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம். நிறுத்தத்தில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

கேப்டன் பக்கத்தில் வந்தார். “நீங்க அனுப்பின எடைத் தாள் பாத்தேன். சரிதானே?”

“சரியில்ல,” என்றேன்.

சொல்லி முடித்ததும், சரியாகவே இருக்குமோ என்று ஒரு நப்பாசை வந்தது. அவர் பதினோராவது தாளை வாங்கிப் பார்த்தார். அப்புறம் மாமாவை, தலையிலிருந்து இடுப்பு வரை, அவசரமில்லாமல் பார்த்தார்.

“எல்லாரும் ஒரு தடவை மெஷின்ல ஏறிடுவோம்,” என்றார்.

பார்சல் கவுண்டருக்குப் பக்கத்தில் முள் வைத்த பெரிய எடை மேடை ஒன்று இருந்தது. மாமா அதை அவமானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?”

“மூட்டைன்னா எடை ஒழுங்கா மேலயே எழுதியிருக்கும்ங்க,” என்றார் அத்தை. “ஏறுங்க.”

ஏறினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். மூச்சை இழுத்தால் வயிறு உள்ளே போகும், எடை எங்கே போகும்? முள் நூற்றெட்டில் நின்றது.

“ஜாக்கெட் போட்டிருக்கேன்ல,” என்றார். கீழே இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றி, அதைக் கையில் பிடித்துக்கொண்டே மறுபடி ஏறினார். முள் நூற்றெட்டிலேயே நின்றது. மாமா மேடையைத் தட்டிப் பார்த்தார். பழுது என்றார். கேப்டன் ஏறினார், எழுபது, சொன்னபடியே. நான் ஏறினேன், ஐம்பத்து நான்கு. பழுது திடீரென்று சரியாகியிருந்தது.

அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறினார். எழுபத்தொன்று.

“ஐம்பத்தெட்டுன்னு சொன்னீங்களே அத்தை.”

“எப்போன்னு நீ கேக்கலையே. அது கல்யாணத்தப்போ.”

பைகளோடு மொத்தம் 323. இருக்கும் இடம் 216. நூற்றேழு கிலோ அதிகம். நான்கு முறை கூட்டினேன். நான்காவது முறை 106 வந்தது. ஐந்தாவது முறை கூட்டி அதைத் திருத்தினேன்.

“நாலு பேரை நான் ஏத்த மாட்டேன்,” என்றார் கேப்டன். அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

“நாலு சீட்டு வண்டிய்யா இது,” என்றார் மாமா.

“சீட்டு நாலுதான்.”

மாமா அடுத்த பத்து நிமிடம் ஆலோசனைகள் வழங்கினார். பெட்ரோலைக் குறைக்கலாம் என்றார். வழியில் பெட்ரோல் கிடையாது என்றேன். ஏசியைக் கழற்றலாம் என்றார்; இரண்டு நாள் ஆகும் என்றார் அதிகாரி. பின் இருக்கைகள் இரண்டையும் கழற்றினால் எவ்வளவு குறையும் என்று கேட்டார்.

“அப்ப நான் எங்க உக்காருறது? மடக்கு மேசையிலயா?” என்றார் அத்தை.

கடைசியில் மாமா முடிவுக்கு வந்தார். “நானும் கேப்டனும் போறோம். நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துடுங்க. நம்ம ஊர்ல நான் இறங்கறதைப் பாக்க முப்பது பேர் கேமராவோட காத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் போகலைன்னா எப்படி?” என் பக்கம் திரும்பினார். “கணக்கு போடத் தெரியாம போட்டு இப்படி ஆக்கிட்ட.”

அதை மறுக்க முடியவில்லை. விளம்பரப் புத்தகத்தை நம்பியவள் நான்தான். அவர் 82 என்றதை நம்பியவளும் நான்தான். பேருந்து எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்தேன். விமானத்தைத் தொடாத எழுபது நாள் இனி எவ்வளவு நாளாக வளரும் என்றும் யோசித்தேன்.

அத்தை என் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். யார் யார் போனால் எவ்வளவு எடை என்று வரிசையாக எழுதியிருந்தேன்.

“இந்த ஒரு வரியை மட்டும் ஏன் அடிச்சு வச்சிருக்க?”

அத்தை உரக்கப் படித்தார். “மாமா இல்லாமல். கேப்டன், அத்தை, நான், பைகள். இருநூற்றுப் பதினைந்து. ஒரு கிலோ மிச்சம்.”

கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“என் விமானம். நான் இல்லாம போகுமா?” என்றார் மாமா.

“ஏசி எதுக்குன்னு கேட்டவங்ககிட்டயெல்லாம் ‘அவளுக்குப் புழுக்கம் ஆகாது’ன்னு சொன்னீங்கல்ல? அப்ப ஏசி போற இடத்துக்கு நானும் போறேன்,” என்றார் அத்தை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் குறிப்பேட்டைத் திரும்ப வாங்கினேன். பேருந்தில் போவது என்று மனதளவில் முடிவாகிவிட்டதால் எண்களை இப்போது நிதானமாகப் பார்க்க முடிந்தது. பறக்கப் பறக்க பெட்ரோல் குறையும் என்பது அப்போதுதான் உறைத்தது. வகுப்பில் இதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கியிருந்தார்கள். நடுக்களத்துக்குப் போய்ச் சேரும்போது ஐம்பத்தைந்து கிலோ பெட்ரோல் எரிந்திருக்கும். அங்கிருந்து கிளம்பினால் 271 கிலோ வரை ஏற்றலாம். மாமா, கேப்டன், அத்தை, பைகள்: 269.

மூன்று முறை சரிபார்த்துவிட்டு வாயைத் திறந்தேன்.

“மாமா, நாங்க மூணு பேரும் நடுக்களம் வரைக்கும் பறக்கிறோம். நீங்க டாக்ஸில அங்க வந்துடுங்க. அங்க நான் இறங்கிக்கறேன், நீங்க ஏறிக்கலாம். ரெண்டு கிலோ இடம் இருக்கு. நான் அதே டாக்ஸில வீட்டுக்கு வந்துடறேன்.”

“டாக்ஸிக்கு எவ்வளவு நேரம்?”

“நாலரை மணி நேரம்.”

மாமாவின் முகம் சுருங்கியது. பிறகு ஏதோ ஒன்று அதில் மெல்ல விரிந்தது. “நம்ம ஊர்ல இறங்கும்போது லெஃப்ட் சீட்ல யாரு?”

“நீங்கதான்.”

“பக்கத்துல?”

“கேப்டன். பின்னால அத்தை. நான் இருக்கவே மாட்டேன்.”

அவருக்கு வருகைதான் முக்கியம். புறப்பாட்டைப் பார்க்க முப்பது பேர் இல்லை, நாங்கள்தான் இருந்தோம். கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்,” என்றார்.

ரிப்பன் வெட்டப்பட்டது. அட்டைச் சாவி மாமா கையில் இரண்டு நிமிடம் இருந்தது. பதினான்கு தாள்களிலும் கையெழுத்துப் போட்டார், ஒன்றையும் படிக்காமல். பிறகு ஊருக்குத் தொலைபேசி போட்டார். “சாயங்காலம் ஆயிடும்ப்பா. தொழில்நுட்பக் காரணம்,” என்றார். தொழில்நுட்பக் காரணம் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்ஸியில் ஏறிற்று. கதவை மூடும் முன், “சீட்டுல கறை படாமப் பாத்துக்க,” என்றது.

இடது இருக்கையில் உட்கார்ந்தேன். தோல் சுட்டது. சோதனைப் பட்டியலை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். கேப்டன் அவசரப்படுத்தவில்லை. பின்னால் அத்தை மடக்கு மேசையைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்துக்கிட்டதை எல்லாம் மறந்திருந்தா இப்பவே சொல்லிடு, இறங்கிடறேன்,” என்றார்.

“மறந்திருக்காதுன்னு நினைக்கிறேன் அத்தை.”

“நினைக்கிறியா. சரி, போ.”

ஓடுபாதைத் தொடக்கத்தில் நிறுத்தி, விசையை முழுதாகத் தள்ளினேன். விமானம் முதலில் யோசித்தது. பிறகு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்நூற்று இருபது மீட்டரில் எழும்பும் என்பது என் கணக்கு. ஐந்நூறு மீட்டர் பலகை பக்கவாட்டில் போனது. சக்கரம் இன்னும் தரையில்தான் தடதடத்தது. கேப்டன் கையைத் தொடைமேல் வைத்திருந்தார், நெம்புகோல் பக்கம் கொண்டுபோகவில்லை. அறுநூறு பலகைக்குக் கொஞ்சம் முன்னால் தடதடப்பு நின்றது.

வேலி கீழே போனது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களில் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மாமாவின் நூற்றெட்டு கிலோவோடு அதே இடத்தை அதே உயரத்தில் கடந்திருப்போமா என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

“எழுபது மீட்டர் தப்பு,” என்றேன்.

“வெயில். சூட்டுக் காத்து அவ்வளவா தூக்காது,” என்றார் கேப்டன். “உயரத்தைப் பாருங்க.”

பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அத்தையின் கை என் தோளுக்கு மேலாக நீண்டு வந்தது.

“இந்த ஏசிக்கு எதைம்மா அமுக்கணும்?”