ஒன்பது மணித் திசை

என் சகலைக்கு மெத்தைக் கடை. எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். விழித்தால் அதிர்ஷ்டம் எதிரில் வந்து நிற்கும். நானோ நில அளவையாளன். இருபத்திரண்டு வருடமாக லீவெல்லாம் தொலைத்துப் பறவை பார்க்கிறவன். என் பட்டியலில் இதுவரை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஐந்நூறாவதாக அலைக்குருவியைப் பார்த்துவிட வேண்டுமென்றுதான் தீவுகளைச் சுற்றிக்காட்டும் இந்தக் கப்பலில் ஏறினேன். உள்ளங்கையளவு கறுப்புப் பறவை அது. நீரில் காலை உதறிக்கொண்டே பறக்கும். "தங்கச்சியும் அவரும் வந்தா பேச்சுத் துணையா இருக்கும்" என்றாள் என் மனைவி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாம் நாள் காலையில் ரப்பர் படகில் ஒரு தீவைச் சுற்றினோம். நான் பைனாகுலரைக் கண்ணைவிட்டு எடுக்கவேயில்லை. சகலை கொட்டாவி விட்டபடி, "சகலை, அந்தப் பாறை அசையுதே?" என்றார். பாறை இல்லை, சீல் குட்டி. பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது என்றார் வழிகாட்டி அம்மா. படகே சகலையைத் தட்டிக்கொடுத்தது. கரையில் இறங்கி ஷூ நாடா கட்டக் குனிந்தார். பாறைப் பொந்துக்குள் இருந்த ஆந்தை அவர் கண்ணில் பட்டது. அந்த ஆந்தை என் பட்டியலில் எப்போதோ ஏறியதுதான். இருந்தாலும் வயிறு எரிந்தது.

"ரெண்டே நாள்ல உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுட்டாரே!" என்று மனைவி சிரித்தாள். மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

எதிரில் உட்கார்ந்திருந்த சகலை, "உங்க அலைக்குருவி எப்படி இருக்கும்? நானும் ஒரு கண்ணு வெச்சுக்கிறேன்" என்றார். உதவியாகத்தான் கேட்டார். எனக்கோ பகீரென்றது. இந்த மனுஷன் கண் வைத்தால் பார்த்தேவிடுவார், என் ஐந்நூறாவதை எனக்கு முன்னால்!

"பார்த்தாலும் உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலின் முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது. எதைக் கண்டாலும் உடனே மணியைக் கத்திச் சொல்ல வேண்டும். மாலையில் எல்லாம் பதிவேட்டில் ஏறும். அரிய பறவை என்றால் கண்டவரைத் தவிர இன்னொரு சாட்சி வேண்டும். அதில் ஏறாத எதையும் எங்கள் பறவைச் சங்கம் ஒப்புக்கொள்ளாது.

வெயில் சாயும்போது மேல்தளத்தில் எல்லாரும் நின்றிருந்தோம். இடப்பக்கம், இரண்டு அலைகளுக்கு நடுவே, அது வந்தது. பக்கத்தில் சகலை சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல அந்தப் பக்கமாகத் திரும்பினார்.

"மூணு மணி!" என்று கத்தினேன்.

திசை அளப்பதே தொழிலாக இருப்பவன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? முப்பது பேரும் வலப்பக்கம் ஓடினார்கள். முதலில் ஓடியவர் சகலை. நான் தனியாக நின்று ஒரு முழு நிமிடம் பார்த்தேன். கால் நுனி தண்ணீரைத் தொட்டதுகூடத் தெரிந்தது. ஐந்நூறு!

முதுகுக்குப் பின்னால் ஓவென்று சத்தம் எழுந்தது. திரும்பி ஓடினேன். நுரை மட்டும் மிச்சமிருந்தது.

"திமிங்கிலம் சகலை! முழுசா எகிறிக் குதிச்சுது!" அவர் என்னைக் கட்டிக்கொண்டார். சட்டை நனைந்திருந்தது, கண்ணும்தான். "நீங்க கத்தலைன்னா நான் பார்த்தே இருக்க மாட்டேன். என்ன கண்ணு உங்களுக்கு!" அந்த ஈரச் சட்டையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று மாலை கப்பல் கூடத்தில் வழிகாட்டி பதிவேட்டை வாசித்தார். திமிங்கிலம், மூன்று மணித் திசை, முதலில் கண்டவர் என்று என் பெயர். கைதட்டினார்கள். நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து, "அலைக்குருவி, ஒண்ணு" என்றேன்.

"சாட்சி யாரு?"

அப்போதுதான் உறைத்தது. சாட்சிகள் அத்தனை பேரையும் நானே விரட்டியிருந்தேன்.

"நான் பார்த்தேங்க" என்று சகலை எழுந்தார். என் முகம் வாடியதைப் பார்த்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். நேராகப் போய், சாட்சிக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"எந்தத் திசை?"

"மூணு மணிதான். சகலைதானே காட்டினாரு!"

"அங்க எல்லாருமே நின்னோமே. யாருமே பார்க்கலையே" என்று வழிகாட்டி அலைக்குருவி வரியை அடிக்கப் போனார்.

"ஒன்பது" என்றேன். என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒன்பது மணித் திசையில இருந்துச்சு."

"நீங்க மூணுன்னுதானே கத்தினீங்க?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகலை என்னைப் பார்த்தார், இன்னும் ஈரம் காயாத தன் சட்டையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"சார், நீங்க பறவையைப் பார்த்தீங்களா, இல்லையா?" என்று வழிகாட்டி அவரைக் கேட்டார்.

சகலை பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"இல்லீங்க. அவர் எனக்குக் காட்டல."