இரண்டாவது கட்டம்

சலவை இயந்திர நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். தொலைபேசியில் எரிந்து விழுகிறவர்களை மூன்றே நிமிடத்தில் குளிர வைத்துவிடுவாள். அதனால் குழுத் தலைவி நாற்காலி அவளுக்குத்தான் என்பது ஊரறிந்த சேதி. சுயமதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். அதுகூட சும்மா பேருக்கு.

படிவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், எவ்வளவு விரும்பிச் செய்கிறீர்கள். ஐந்துக்கு மதிப்பெண். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஐந்தாகப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். நம் ஐஸ்கட்டிக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். கோபக்காரர்களைச் சமாளிக்கும் திறமைக்கு ஐந்து போட்டாள். இரண்டாவது கட்டத்தில் பேனா நின்றது. பிறகு சைபர் போட்டாள். அடடா, போட்டதும் என்ன ஒரு நிம்மதி!

பழுதைக் கண்டுபிடிப்பதில் திறமை இரண்டு, விருப்பம் ஐந்து. ஐந்து போதாதென்று பக்கத்தில் ஒரு கூட்டல் குறி வேறு. புகாரைக் கேட்கும்போதே இயந்திரத்துக்குள் எது கெட்டிருக்கும் என்று ஊகித்துக் குறித்து வைப்பாள். மெக்கானிக்கின் அறிக்கை வந்ததும் ஓடிப்போய் ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஆறு வருடமாக அவளை அங்கே கட்டிப் போட்டது அதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்து என்ன ஆக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, பழுதுபார்க்கும் அறையில் பயிற்சி மெக்கானிக் என்று எழுதிவிட்டாள்.

போனில் விஷயத்தைக் கேட்ட அவள் வீட்டுக்காரர், தானாக வந்த நாற்காலியை உதைக்காதே என்றார். உன் குரலில் இவ்வளவு தெம்பைக் கேட்டு நாளாயிற்று என்றும் அவரே சொன்னார்.

படிவத்தைப் படித்த மேலாளர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். கையோடு பழுதுபார்க்கும் அறைக்கு அவளை இழுத்துப் போனார். தலைமை மெக்கானிக் ஒப்புக்கொண்டால் சரி. இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் தலைவி நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம்.

தலைமை மெக்கானிக் பெரிய முசுடு. தண்ணீர் வெளியேறாத இயந்திரம் ஒன்றைக் காட்டினார். அவள் நாலு கேள்வி கேட்டுவிட்டு, பம்ப் அடைத்திருக்கிறது என்றாள். அவர் பம்பைக் கழற்றிக் காட்டினார். துளி அழுக்கில்லை.

மேலாளர் கிளம்பத் திரும்பினார். ஐஸ்கட்டி அசையவில்லை. தோற்றுப்போனது அவள் மண்டையில் ஏறவே இல்லை. தரையில் மண்டியிட்டு, மெக்கானிக் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் வெளிச்சம். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லாதீங்க. நானே பாக்கறேன்."

இருபது நிமிடம் கழித்து, தொட்டிக்குக் கீழே இருந்த ரப்பர் குழாயிலிருந்து ஒரு குழந்தையின் காலுறையை உருவி எடுத்தாள். கை, சட்டை, மூக்கு எல்லாம் கறுப்பு. சிரிப்பை அடக்க முடியவில்லை.

முசுடு மேலாளர் பக்கம் திரும்பினார்.

"தப்பா சொல்லிட்டு இவ்வளவு குஷியா இருக்கற ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அந்த நாற்காலிக்கு வேற யாரையாவது பாருங்கம்மா."