ஒரு பாலாடைத் தண்ணீர்

"ஒரே ஒரு பாலாடை தண்ணி. அக்கா வாயில ஊத்திட்டு வந்துர்றேன் பெரிம்மா, வழிய வுடு..."

"சொன்னா கேளுடி, வாயும் வயிறுமா இருக்கறவ பொணத்துகிட்ட..."

"பொணம்னு சொல்லாத!"

"பின்ன இன்னான்னு சொல்றது? நீ ஊத்தனதே போதும். ஞாயித்துக்கெழம நீ குடுத்த தண்ணியிலதான்டி அவளுக்கு ஜன்னி கண்டுச்சு."

"எங்க குடிச்சா? ஒரு முழுங்கு தொண்டையில எறங்கலியே!"

தனகோடி பெரியம்மா நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் சாவித்திரிக்குத் தெரிந்ததெல்லாம் அக்காளின் பாதங்கள். மஞ்சள் பூசி, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"அவளக் குர்ஷித் வூட்டுக்கு அனுப்பிடுக்கா" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. அம்மா பூங்காவனம் வெளியே வரவில்லை. காலை வண்டியில் ஜோலார்பேட்டையிலிருந்து சாவித்திரி வந்து இறங்கியதிலிருந்து பூங்காவனம் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

பக்கத்து வீட்டில் குர்ஷித்தின் மகள் சைரா கட்டிலில் உட்கார்ந்து அக்கா அமிர்தவள்ளியின் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்தக் குழந்தை தூளியில் சிணுங்கிற்று. சாவித்திரி உட்கார்ந்தாள், எழுந்தாள், கொல்லைச் சுவர்வரை போனாள், திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

"ஒக்காரும்மா. கால பாரு, எப்டி வீங்கிக் கெடக்குது" என்றாள் குர்ஷித்.

"ஒக்கார முடியல."

சைரா கட்டிலுக்கடியிலிருந்த சொம்பை எடுத்து, தலையை அண்ணாந்து, கடகடவென்று குடித்தாள். சாவித்திரி அவள் தொண்டையையே பார்த்தாள்.

"இன்னாக்கா அப்டி பாக்கற?"

"உனக்குத் தண்ணி குடுக்கறாங்களா?"

"அம்மி ஒளிச்சுக் குடுத்தாங்க" என்று சைரா தன் தாயைக் காட்டினாள். "எங்க மாமியா தூங்கறப்ப. அப்புறம் அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு நாள் பேஜார் பண்ணாங்க, வுட்டுட்டாங்க."

"எனக்கு யாரும் ஒளிச்சுக்கூடக் குடுக்கல" என்றாள் குர்ஷித், தூளியை ஆட்டிக்கொண்டே. "எப்டியோ பொழச்சேன்."

போன ஞாயிற்றுக்கிழமை சாவித்திரி பார்க்க வந்தபோது, காதில் பஞ்சும் தலையில் துண்டும் வயிற்றில் பழைய புடவைக் கட்டுமாக, பிள்ளை பெற்ற அக்கா இருட்டறையில் சாய்ந்திருந்தாள். எதிலும் குறையில்லை. அம்மா விடியலில் எழுந்து வெந்நீர் ஊற்றினாள், சுக்கும் மிளகும் கருப்பட்டியும் இடித்து உருண்டை கொடுத்தாள், சாம்பிராணி காட்டினாள். தண்ணீர் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாலாடை, குழந்தைக்குப் புகட்டுகிற அந்தச் சின்னக் கிண்ணி அளவு. அதற்குமேல் இறங்கினால் பச்சை உடம்பில் நீர் கோத்து வயிறு ஊதிவிடும் என்பது அம்மாவுக்கு அவளுடைய அம்மா சொன்னது.

"நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆய்டுச்சுடி. அம்மா வர்றதுக்குள்ள ஒரு சொம்பு கொண்டா" என்றாள் அமிர்தவள்ளி.

சாவித்திரி கொண்டுவந்து நீட்டினாள். அக்காளின் உதடு படுவதற்குள் அம்மா வந்து தட்டிவிட்டாள். சொம்பு உருண்டோடியது. அமிர்தவள்ளி முழங்கையில் வழிந்த தண்ணீரைச் சட்டென்று நக்கிக்கொண்டு, "பாத்தியாம்மா, என்னப் பூன ஆக்கிட்ட" என்றாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள்தான் காய்ச்சல் கண்டது.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் குடம் நங்கென்று கல்லில் இடித்தது. குளிப்பாட்டுகிறார்கள். தோல் பதனிடும் ஷெட்டுகள் வந்த பிறகு இந்தத் தெருக் கிணறுகள் கரித்துப்போய், குடிக்கிற தண்ணீரைப் பாலத்துக்கு அப்பாலிருந்துதான் சுமந்து வருவார்கள்.

"கெணத்துத் தண்ணி போதும் பூங்காவனம். பொழங்கறதுக்குத்தான" என்றாள் யாரோ ஒருத்தி.

"வேணாம். அண்டாவுல இருக்கற நல்ல தண்ணி எல்லாத்தயும் ஊத்துங்க."

"அப்புறம் குடிக்க?"

"ஊத்துங்கன்னு சொல்றேன் இல்ல!"

தண்ணீர் விழுகிற சத்தம் நின்று நின்று வந்தது. சாவித்திரி ஒரு கையைச் சுவரிலும் மறு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே குழந்தை புரண்டது. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அவள் வரவேண்டியது அந்த வீட்டுக்குத்தான். அதே அறை. அதே பாய்.

கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு அக்காளின் கணவன் பரந்தாமன் வந்தான். ஈர வேட்டி. தலையிலிருந்து சொட்டியது. பாடை தூக்குவதற்குமுன் பிள்ளையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். தொடவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப நர்சம்மா அவ நாக்கப் பாத்துட்டுக் கேட்டாங்க சாவித்திரி. இத்தினி காய்ச்சல்காரிக்குத் தண்ணிகூடவா குடுக்காம இருந்தீங்கன்னு."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." வேட்டி நுனியைப் பிழிந்தான். "நானும் சொல்லல. நானுந்தான அங்க இருந்தேன். அவ தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அத்தைக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்னு ஷிப்டுக்குப் போய்ட்டேன்."

மேளம் தொடங்கியதும் ஓடினான். மேளம் தெருமுனை திரும்பிப் பாலாற்றுப் பக்கம் தேய்ந்தது. குர்ஷித் சோறு போட்டாள். சாவித்திரி பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகு பூங்காவனம் வந்தாள். தலைமுழுகிய கூந்தல் முதுகில் ஒட்டியிருந்தது. படியேறாமல் கொல்லையிலேயே நின்றாள். சைரா குழந்தையை நீட்ட, வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலியேக்கா" என்று குர்ஷித் சொம்பை அவள் கையில் கொடுத்தாள்.

பூங்காவனம் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. முதல்முறையாகச் சாவித்திரியைப் பார்த்தாள். முகத்தை அல்ல, வயிற்றை.

"சாப்டியா?"

"ம்."

"ராத்திரி வண்டிக்கே கெளம்பிடு. இங்க இருக்காத. வளைகாப்பு முடிஞ்சதும் வந்துடு, இன்னா? யார் பேச்சையும் கேக்காத. நான் இருக்கேன். வெந்நி ஊத்தறது, மருந்து இடிக்கறது, எல்லாம் எங்கையாலயே செய்றேன். உனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேன்."

தோளில் குழந்தை அம்மாவின் ஈரக் கூந்தலில் வாயை வைத்துச் சப்பியது. அவள் கையிலிருந்த சொம்பில் விளிம்புவரை தண்ணீர் நின்றது.

சாவித்திரி கொல்லைப் படியில் இறங்கி வந்தாள்.

"தாகமா இருக்குதுன்னு கேட்டா குடுப்பியாம்மா?"