வால் பிடித்தவர்கள்

மாப்பிள்ளைக்கு எலும்பில் புற்றுநோய், நுரையீரல் வரைக்கும் போய்விட்டது, இனி வெட்டியும் பயனில்லை என்று என் மனைவி தொலைபேசியில் சொன்னபோது, நான் கடையில் ஒரு வாடிக்கையாளரை மெத்தையில் படுக்க வைத்திருந்தேன். "மாப்பிள்ளைக்கா? எவ்வளவு நாள் தாங்கும்னு சொன்னாங்க?" என்று நான் கேட்டது கடை முழுக்கக் கேட்டது. முதலாளி ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவே இல்லையேய்யா நீ" என்றார், கண் கலங்க.

எங்களுக்குப் பெண்ணே கிடையாது. மாப்பிள்ளை என்பது எங்கள் நாய். அதை அப்போதே சொல்லியிருந்தால் அரைநாள் விடுப்பு கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்த அன்றே சோபாவில் ஏறிக் கால் நீட்டிக்கொண்டான். தட்டில் வைத்ததை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிடுங்க" என்று கெஞ்சினால்தான் வாய் வைத்தான். வேறு என்ன பெயர் வைக்க?

கால்நடை மருத்துவர் சுற்றி வளைத்துப் பேசுகிற பெண்மணி அல்ல. "மாத்திரை வலியைத்தான் அடக்கும், நோயை இல்ல. இருக்கிறவரைக்கும் சந்தோஷமா வச்சுக்கங்க. பிடிச்சதைக் குடுங்க, பிடிச்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒண்ணே ஒண்ணு, படி மட்டும் ஆகாது. அந்த முன்னங்கால் காஞ்ச குச்சி மாதிரி இருக்கு. ஒரு படி தப்பினா போச்சு."

அவனுக்குப் பிடித்த இடம் எல்லாம் கீழே இருந்தது. நாங்கள் நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தது. லிஃப்டுக்குள் ஒரு பலகை இருந்தது. சைக்கிள், சிலிண்டர், நாய் ஆகியவற்றை ஏற்றக்கூடாது.

அந்தப் பலகையை மாட்டியவர் குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி. ஓய்வுபெற்ற அதிகாரி. எந்த அலுவலகத்தில் என்ன அதிகாரி என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. பதில் முடியும்வரை நின்றவர்கள் கிடையாது. நாங்கள் போய்க் கேட்டதும் அவர் "முடியாது" என்று சொல்லவில்லை. கூட்டம் போட்டார்.

கூட்டத்தில் மைக் வைத்துப் பேசினார். இருபது நாற்காலிக்கு மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாயில்லா ஜீவன் என்றார், கருணை என்றார், நாகரிகத்தின் உச்சம் என்றார். கைக்குட்டையை எடுத்தார். மாப்பிள்ளை அவருடைய ஷூ மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கடைசியில், "மனிதாபிமான அடிப்படையில், இந்த நோயாளி நாய்க்கு அதன் இறுதிக் காலம் வரை லிஃப்டைப் பயன்படுத்தச் சங்கம் அனுமதி வழங்குகிறது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சத்தத்தில் முழித்துக்கொண்ட மாப்பிள்ளை செகரட்டரியின் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டினான்.

இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டடத்தில் மாப்பிள்ளைக்கு மிகவும் பிடித்த மனிதர் செகரட்டரிதான். அவர் ஒரு நாளும் ஒரு பிஸ்கட் போட்டதில்லை, தடவியதில்லை, "ச்சூ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ஆனாலும் அவர் குரல் கேட்டால் போதும், இவனுக்கு இடுப்பிலிருந்து ஆட ஆரம்பித்துவிடும். விண்ணப்பம் கொடுக்காமல் வந்த அன்பு என்பதால் செகரட்டரிக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. காலையில் லிஃப்டில் இறங்கி, நிறுத்தியிருக்கும் வண்டிகளின் டயர்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, நேற்று யார் எங்கே போய் வந்தார்கள் என்று விசாரிப்பான். செகரட்டரியின் காருக்கு முன்னால் வெயில் விழும் இடத்தில் மல்லாந்து படுப்பான். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கவ்விக்கொண்டு, நொண்டி நொண்டி, ஏதோ பதக்கம் வாங்கியவன் மாதிரி சுற்றி வருவான். மேலே வந்து வெண்ணெய் தடவிய ரொட்டி. பிறகு பால்கனிக் கம்பிக்கு நடுவே மூக்கை விட்டுத் தெருவை மேற்பார்வை. மறுபடி சாயங்காலம் இறங்க வேண்டும். அவன் கூடவே நாங்களும் வெயிலில் உட்கார்ந்தோம். கல்யாணமாகி இவ்வளவு வருடத்தில் நானும் அவளும் ஒரே நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

அதுதான் தப்பாகப் போயிற்று.

"நோயின்னாங்க, நம்மளைவிட நல்லா இருக்கே?" என்றார் மூன்றாம் மாடி அம்மா, லிஃப்டில், எங்களைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்து.

"மாத்திரை சாப்பிடுதுங்க" என்றேன்.

"நானுந்தான் சாப்பிடுறேன். எனக்கு இப்படி ஒரு துள்ளல் வரலையே."

செகரட்டரி வாரம் ஒரு தடவை நலம் விசாரிப்பார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கான் சார்."

"ஓ" என்பார். அந்த ஓவில் கடன் கொடுத்துவிட்டு வசூலுக்கு வந்தவனின் ஏமாற்றம் இருக்கும். ஒருநாள் வாய்விட்டே சொன்னார்: "இல்ல, நாலு பேரு என்னைக் கேக்கறாங்க. கருணை காட்டினோம், சரி. அது கொஞ்சம் கண்ணுக்குத் தெரியற மாதிரியாவது இருக்கணும்ல?"

ஆக, மருத்துவர் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். சங்கத்துக்கோ சோகம் வேண்டியிருந்தது. என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவள். பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பிறர் ஓட்டும் வண்டியை நிறுத்துவதுதான் அவள் தொழில். அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"பிரச்சினை நாயில இல்லைங்க, வாலுல. அதைப் பிடிச்சுட்டா மத்ததெல்லாம் நோயாளி மாதிரிதான் இருக்கு."

அன்று முதல் லிஃப்ட் கதவு திறக்கும் முன் அவள் வாலின் அடியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், சேலை முந்தானைக்குள் மறைத்து. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வேன். மெத்தைக் கடையில் ஜனங்கள் தூங்குவதுபோல் நடிப்பதை வருடக்கணக்காகப் பார்த்தவன். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மாப்பிள்ளைக்கு மட்டும் நடிப்பு வரவில்லை. வாலைப் பிடிப்பது புது விளையாட்டு என்று நினைத்து, திரும்பித் திரும்பி அவள் கையை நக்கினான்.

"கொஞ்சம் சோகமா இருடா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள்.

லிஃப்டில் "பாவம்" என்ற வார்த்தை மறுபடி கேட்க ஆரம்பித்தது. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. மனிதர்கள் எதற்கெல்லாம் நிம்மதி அடைகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலையிலேயே வகுப்பு. நான் மட்டும் மாப்பிள்ளையோடு கீழிருந்து ஏறினேன். ஒரு கையில் பால், ஒரு கையில் அவன் கயிறு; வாலுக்குக் கை இல்லை. முதல் மாடியில் கதவு திறந்தது. செகரட்டரி, அவருக்குப் பின்னால் வேறொரு கட்டடத்துச் சங்கத்திலிருந்து நிர்வாகம் கற்க வந்த இரண்டு பெரியவர்கள். மாப்பிள்ளைக்குச் சொர்க்கமே கதவைத் திறந்த மாதிரி இருந்திருக்கும். வாயில் கவ்வியிருந்த காலிப் பாட்டிலைச் செகரட்டரியின் காலடியில் வைத்தான். பின்னங்காலில் எழுந்தான். வால் லிஃப்டின் தகரச் சுவரில் மத்தளம் வாசித்தது.

"இதுவா சார் நீங்க சொன்ன சாகப்போற நாய்?" என்றார் பெரியவர்களில் ஒருவர்.

அன்று சாயங்காலமே கூட்டம். இந்த முறையும் மைக் இருந்தது.

"சலுகை குடுத்தா அதை மதிக்கத் தெரியணும். நம்மகிட்டயே வாலாட்டினா எப்படி?"

அவர் எங்களைத்தான் சொன்னார். ஆனால் தன்னைச் சொன்னதாக நினைத்து மாப்பிள்ளை உடனே ஆட்டிக் காட்டினான். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு தீர்ந்தது. அனுமதி ரத்து. மருத்துவரிடம் எழுதி வாங்கி வருகிறோம் என்றேன். "எழுத்தில ஆயிரம் இருக்கலாம் சார், எங்க கண்ணுதானே சாட்சி" என்றார் மூன்றாம் மாடி அம்மா.

கடையிலிருந்து பெரிய மெத்தையைத் தூக்க உதவும் பட்டை வைத்த உறை ஒன்றைக் கொண்டுவந்தேன். அதில் அவனைப் படுக்க வைத்து, முன்னால் அவள், பின்னால் நான், நாலு மாடி. முதுகுவலிக்கென்றே செய்த மெத்தைகளை விற்கிற எனக்கு ஏற்கெனவே முதுகுவலி. முப்பது கிலோ மாப்பிள்ளை பல்லக்கில் போகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவான். பக்கத்திலேயே லிஃப்ட் காலியாக இறங்கிப் போகும் சத்தம் கேட்கும்.

முதலில் சாயங்கால வெயில் போயிற்று. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு என் முதுகு அனுமதிக்கும் நாள். மற்ற நாட்களில் பாட்டிலைக் கவ்விக்கொண்டு கதவருகே போய் நிற்பான், எங்களைப் பார்ப்பான், கொஞ்ச நேரம் கழித்து, நாங்கள் சங்கடப்படக் கூடாதென்பதுபோல, தானே திரும்பி வந்து படுத்துக்கொள்வான். கொடுக்க மருத்துவரிடம் நாட்கள் இல்லை. இருந்த நாட்களைத்தான் படிக்கட்டில் தொலைத்தோம்.

இருமல் வந்தது. ரொட்டியிலிருந்து வெண்ணெயை மட்டும் நக்கினான், பிறகு அதுவும் இல்லை. ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. "வாங்க, வெயிலுக்காவது கொண்டுபோயிடலாம்" என்றாள் அவள்.

உறையில் வைத்து இறங்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் செகரட்டரி மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார், மின்சாரம் போயிருந்தது. உறைக்குள் எட்டிப் பார்த்தார். தலை தொங்கிக் கிடந்தது, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது, கண் பாதி மூடியிருந்தது. செகரட்டரியின் முகம் மலர்ந்தது என்று சொன்னால் தப்பு. விரிந்தது.

"அடடா. இப்பத்தான் பாக்கவே பாவமா இருக்கு" என்றார். "இப்படி இருந்தா யாரு வேண்டாம்னு சொல்லப் போறா? நான் சொல்றேன், இனிமே தாராளமா லிஃப்டில கூட்டிட்டுப் போங்க. கூட்டமெல்லாம் வேண்டாம், என் சொந்தப் பொறுப்பில."

அதே நேரம் மின்சாரம் வந்தது. தன் கருணைக்குத்தான் வந்தது என்பதுபோல் அவர் விளக்கை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். லிஃப்டை வரவழைத்து, கதவைத் தானே பிடித்து நின்று, எங்களை ஏற்றி, தானும் ஏறினார். உறையைத் தரையில் இறக்கினோம். அவள் குந்தி உட்கார்ந்தாள். பழக்க தோஷம், அவள் கை தானாகப் போய் வாலின் அடியைப் பிடித்துக்கொண்டது.

"கவலைப்படாதீங்கம்மா, சங்கம் உங்க பக்கம் இருக்கு" என்றார் செகரட்டரி.

குரல் கேட்டதும் மாப்பிள்ளையின் காது அசைந்தது. அவள் கைக்குள் ஏதோ துடித்ததை நான் அவள் முகத்தில் பார்த்தேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரல்களைப் பிரித்தாள்.

டக். சற்றுப் பொறுத்து இன்னொரு டக். தகரச் சுவரில்.

செகரட்டரி குனிந்து பார்த்தார். "என்னம்மா, இன்னும் ஆட்டுது?"

"ஆமா சார்" என்றாள் அவள். "உங்களைப் பாத்தா மட்டுந்தான்."

செகரட்டரி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த கீழ்த்தளப் பொத்தானை மறுபடி ஒரு தடவை அழுத்தினார்.