துக்கம் கேட்க வந்த வகுப்பு

பெரம்பலூர் கடைத்தெருவில், உரக்கடை மாடியில் இருந்த டுடோரியலில், பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவள் அமிர்தவல்லி. அவள் கணவர் அய்யம்பெருமாள் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரமே அவள் அரியலூரில் பஸ் ஏறி வேலைக்கு வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. பாடம் மட்டும் வந்தது.

இப்போது அந்த வகுப்பும் கைவிட்டுப் போகும் போலிருந்தது. பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, மாடியில் ஆள் இருப்பதே கீழே தெரியவில்லை என்று டுடோரியல்காரர் கொளஞ்சியப்பன் காலையில் சொல்லிவிட்டார். இன்றைக்கு ஒரு நாள் பார்ப்போம், சரிப்படாவிட்டால் துறையூர் சாரை வரச் சொல்கிறேன், நீங்கள் வீட்டில் ஓய்வாக இருங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க அமிர்தவல்லியால் முடியாது.

அன்று மரபுத்தொடர்கள். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து அர்த்தம் தேடாதீர்கள், மொத்தமாகத்தான் அது வேலை செய்யும் என்று தொடங்கினாள். ரகசியத்தை வெளியே விட்டால் வெள்ளைக்காரன் பீன்ஸைக் கொட்டிவிட்டான் என்பான், நாம் போட்டு உடைத்துவிட்டான் என்போம். கொட்டியது பீன்ஸும் இல்லை, உடைந்தது பானையும் இல்லை. எப்போதாவது நடப்பதற்கு அவன் நீல நிலாவைக் காட்டுவான், நாம் அத்திப்பூவைக் காட்டுவோம். யாரும் சிரிக்கவில்லை.

மதுரைவீரனை எழுப்பிப் புத்தகத்திலிருந்து வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை பரீட்சை எழுதப்போகிறவன், ஒரு குழந்தைக்குத் தகப்பன். வாசித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனான்.

"நடுவுல ஒண்ண வுட்டுட்டியே."

"அது வேணாங்க டீச்சர்."

"பரீட்சையில கேட்டா?"

"கேட்டா கேட்டுட்டுப் போறான். அந்த மார்க்கு எனக்கு வேணாம்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளே பலகையில் எழுதினாள்: கிக் தி பக்கெட். வாளியை உதைப்பது. செத்துப்போவது என்று அர்த்தம் என்றாள். சொல்லும்போது உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை.

மலர்கொடி எழுந்தாள். பாடத்தில் சந்தேகம் வந்துவிட்டால் அவள் முன்பின் யோசிக்க மாட்டாள். "டீச்சர், உங்க வூட்டுக்காரருக்கு இதச் சொல்லலாமா?"

பக்கத்தில் இருந்தவள் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள்.

"கூடாது," என்றாள் அமிர்தவல்லி. "அவருக்கு பாஸ்டு அவேன்னு சொல்லணும். காலமாயிட்டார்னு அர்த்தம். இது கேலிப் பேச்சு. செத்தவனோட ஆளுங்க இல்லாத எடத்துல சொல்றது."

"அப்ப, மண்டையப் போட்டுட்டான்ம்பாங்களே, அதா?"

"அதேதான்."

மதுரைவீரன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். "எங்க மாமனாரு ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்காருங்க. அவருக்குச் சொல்லலாங்களா?"

"போனப்புறம் சொல்லு. உன் பொண்டாட்டி இல்லாதப்ப."

யாரோ களுக்கென்றார்கள். பிறகு வகுப்பே சிரித்தது. எங்கள் ஊரில் டிக்கெட் வாங்கிட்டான் என்போம் என்றான் ஒருவன், வாயைப் பொளந்துட்டான் என்போம் என்றாள் இன்னொருத்தி. அமிர்தவல்லி ஒவ்வொன்றையும் பலகையில் எழுதி, எதை எங்கே சொல்லலாம், எங்கே சொன்னால் அடி விழும் என்று விளக்கினாள். சத்தம் கேட்டுப் படியேறி வந்த கொளஞ்சியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மணி அடித்தது. "போயிட்டு வரேங்க டீச்சர்," என்றான் மதுரைவீரன். துக்க வீட்டில் யாரும் இப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். இந்த வாரம் முழுவதும் பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மலர்கொடியும் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள்.

"திங்கக்கிழமை எப்பயும் போல வந்துருங்க," என்றார் கொளஞ்சியப்பன்.

சரிங்க என்றாள். சந்தோஷமாக இருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. திங்கட்கிழமை இருந்தது. பலகையைத் துடைத்துவிட்டு அரியலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.